சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூர்: சென்னையில் இறங்குவதா, திருச்சியில் இறங்குவதா?

சாங்கியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். திருச்சி 3,000 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. டெல்டாக்காரர்கள் பலர் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் வான்வழியில் திருச்சிதான் கொஞ்சம் கூடுதல் தூரம். பறக்கும் நேரம் எப்படியும் நான்கு மணியைச் சுற்றித்தான். கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ள வேண்டியிருப்பதால், டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும்.

சென்னைக்கு உள்ள வசதிகள் தெரிந்தவைதான். விமானங்கள் அதிகம், ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைக்கும். முழுச்சேவை நிறுவனங்களும் உண்டு. நிலையத்திலிருந்தே மெட்ரோ ஓடுகிறது.

நான் திருச்சியையே தேர்ந்தெடுத்தேன். காரணம், இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் சாலை. திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று ஊர்ப்பெயர்களை எண்ணி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். மீனம்பாக்கத்தில் இறங்கினால் இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. காரில் ஆறேழு மணி நேரம், அதாவது கடலைத் தாண்டி வந்ததைவிட அதிகம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் என்றால் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள்ளேயே பொறுமை போய்விடும்.

இறங்கும் வேளையையும் பார்க்க வேண்டும். சென்னைக்கு விமானம் நள்ளிரவை ஒட்டி வந்தால், குடிநுழைவு வரிசையும் பெட்டிகளும் முடிந்து வெளியே வரும்போது தஞ்சாவூருக்கான உழவன் எக்ஸ்பிரஸ் போயிருக்கும். பிறகு விடுதி அறை, அல்லது கிளாம்பாக்கம் போய்ப் பஸ், அல்லது இரவு முழுக்கக் கண் விழித்து ஓட்டும் டாக்சி. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இங்கே கரைந்துவிடும். அதே வேளையில் திருச்சியில் இறங்கினால், அப்பா எழுந்து காபி போடுவதற்கு முன்பே வாசலில் நிற்கலாம்.

திருச்சிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. விடுமுறைக் காலத்தில் கட்டணம் தாறுமாறாக ஏறும். பெரும்பாலும் சிக்கனக் கட்டண விமானங்கள்தான். பெட்டியின் எடைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். முன்பு கூட்டம் வந்தால் நிற்க இடமிருக்காது; 2024 ஜூனில் புது முனையம் செயல்பாட்டுக்கு வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர்களோடு நான் இந்த வழியில் வந்ததில்லை. அவர்களுக்கு எது வசதி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சென்னையில் ஒரு நாள் வேலை இருப்பவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது.

திரும்பும் பயணத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். இரவு விமானத்துக்குத் திருச்சி போக, வீட்டில் முன்னிரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். அதே விமானம் சென்னையிலிருந்து என்றால், வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் காலையிலேயே புறப்பட வேண்டும். ஒரு வார விடுமுறையில் அந்த ஒரு பகலை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.