விங்ஸ் மசாலாப் பொடி: வாசனை அருமை, சர்க்கரைதான் வில்லன்

சிக்கன் விங்ஸுக்கென்றே விற்கும் ஒரு மசாலாப் பொடியை வாங்கி, மூன்று தடவை கிரில் செய்து பார்த்துவிட்டேன். வாசனைக்குக் குறையே இல்லை, மூடியைத் திறந்ததும் பூண்டு நெடி மூக்கில் ஏறுகிறது. ஆனால் டப்பாவின் பின்பக்கம் முதலில் உப்பு, இரண்டாவது சர்க்கரை என்று போட்டிருப்பதைப் படிக்காமல், நான் வழக்கம்போல் தனியாக உப்பும் போட்டு நேராகத் தணலுக்கு மேலே அடுக்கியதில், சர்க்கரை கருகி வெளியே கரி, எலும்பை ஒட்டிப் பச்சை, வாயில் வைத்தால் ஒரே உப்புக் கரிப்பு.

அடுத்த தடவை துண்டுகளை டிஷ்யூ பேப்பரால் ஈரம் போக ஒற்றியெடுத்து, பொடியோடு துளி பேக்கிங் பவுடர் (சோடா வேண்டாம், கசக்கும்) கலந்து தடவி, ஃபிரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு வைத்தேன். அப்புறம் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் விங்ஸை வைத்து மூடி 35 நிமிடம், கடைசி இரண்டு நிமிடம் மட்டும் நேர் நெருப்பு. தோல் நொறுநொறுவென்று வந்தது! உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே வெந்த கணக்குதான், இருந்தாலும் 80ஐத் தாண்ட விடுங்கள், சதை எலும்பிலிருந்து தானாகக் கழலும்.

பொடிக்கு ஐந்துக்கு மூன்று. சர்க்கரை இல்லாத வகை வந்தால் மறுபடி வாங்குவேன், இல்லையென்றால் வீட்டு மிளகாய்த்தூளே போதும்.