பவுடரா, திரவமா, உப்பிலிருந்தா: கடலோர ஊராட்சித் தொட்டிக்கு எந்தக் குளோரின்?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஒரே மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு நாள் காவிரித் தண்ணீர் வரும், மறுநாள் உள்ளூர் போர் தண்ணீர் ஏறும். காவிரித் தண்ணீர் குளோரின் கலந்துதான் கிளம்புகிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் குழாயில் வந்து, சம்ப்பில் கிடந்து, தொட்டிக்கு ஏறுவதற்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துபோகும். ஆகவே ஊரிலும் போட்டாக வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 (2012) கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின். அதுவும் பயன்படுத்துபவர் பிடிக்கும் குழாயில். 100 மில்லி தண்ணீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி அறவே தென்படக் கூடாது.

கணக்குக்கு 30,000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட்டால் 60 கிராம் குளோரின் வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருந்தால் அதில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். 180 கிராம் போதும். ஈரக் காற்றும் வெயிலும் சேர்ந்த நம் கரையில், வாய் திறந்து கிடக்கும் 25 கிலோ மூட்டை வேகமாக வலுவிழக்கும். 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 300 கிராம் வேண்டும். டேங்க் ஆபரேட்டரோ பழைய டம்ளர் அளவையே போட்டுக்கொண்டிருப்பார். கடைசித் தெருவில் குளோரின் இல்லாமல் போவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பவுடரின் வலுவை ஊரிலேயே பார்க்கலாம். 10 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளியவிடுங்கள். தெளிநீரில் 5 மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து, 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் டி.பி.டி. கிட்டில் அளந்து பாருங்கள். வரும் எண்ணை 20-ஆல் பெருக்கினால் சதவீதம்: 1.65 வந்தால் 33, 1.0 வந்தால் 20.

போடும் முறையிலும் தவறு நடக்கிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும், மருந்து ஒரே இடத்தில் நிற்கும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டி நிறையத் தொடங்கும்போதே ஊற்றினால் வரும் தண்ணீரே கலக்கிவிடும். நிறைந்த பிறகு அரை மணி நேரமாவது கழித்தே வால்வைத் திறக்க வேண்டும்.

சோடியம் ஹைப்போகுளோரைட் (சுருக்கமாக ஹைப்போ) திரவத்தில் கசடு கிடையாது. 10 சதவீதத் திரவம் 600 மில்லி போதும். மருந்தை அளவாகச் செலுத்தும் டோசிங் பம்பை மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைத்துவிட்டால் தண்ணீர் ஏறும்போதெல்லாம் மருந்தும் ஏறும். ஆனால் இதுவும் வெயிலில் வீரியம் குறையும் சரக்கு. கத்திரி மாதத்தில் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைப்பது வீண். பம்பிலும் சில தொல்லைகள் உண்டு. திரவத்திலிருந்து வாயுக் குமிழ்கள் கிளம்பி பம்புத் தலையில் அடைத்துக்கொள்ளும். பம்பு டக்டக்கென்று ஓடும், மருந்து போகாது. கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் செலுத்துமுனை சுண்ணாம்பு பிடித்து அடைபடும். அதைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே நீர்த்த அமிலத்தில் ஊறவையுங்கள்; ஹைப்போவும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய அறையில் உயிருக்கே ஆபத்து. ஆன்டி-சைபன் வால்வு இல்லாத இணைப்பில், மோட்டார் நிற்கும்போது குழாயில் உண்டாகும் உறிஞ்சல் கேன் மருந்தையெல்லாம் இழுத்துவிடக்கூடும். பவுடரானாலும் திரவமானாலும் மோட்டார் அறையில் வைக்காதீர்கள். உப்புக் காற்று பாதி அரித்த ஸ்டார்ட்டரை அந்த ஆவி முழுவதும் தின்றுவிடும்.

மூன்றாவது, உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அங்கேயே ஹைப்போ தயாரிக்கும் எலக்ட்ரோகுளோரினேட்டர். ஒரு கிலோ குளோரினுக்கு ஏறத்தாழ மூன்று, மூன்றரை கிலோ உப்பும் ஐந்து யூனிட் மின்சாரமும் ஆகும். வாலிநோக்கத்தில் உப்பு விளையும் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று தோன்றும். ஆனால் பாத்தியிலிருந்து அள்ளிய உப்பில் கால்சியமும் மக்னீசியமும் இருப்பதால் மின்தகடுகளில் படிவு ஏறும். புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற கெடுதலான பொருள் உண்டாகும். சுத்திகரித்த உப்பும், கடினத்தன்மை நீக்கிய தண்ணீரும் வேண்டும். இதைப் பழுதுபார்க்க ஆள் கிடைக்காத ஊருக்கு வேண்டாம்.

நாங்கள் சொல்வது இதுதான்: 30,000 லிட்டருக்கு உட்பட்ட ஒற்றைத் தொட்டி என்றால் பவுடரே போதும், சிறு பொட்டலமாக வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், பலகை மேல் வையுங்கள். லட்சம் லிட்டருக்கு மேல், சீராக ஓடும் மோட்டார், வாரம் ஒருமுறை பம்பைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஆள், மூன்றும் இருந்தால் திரவம். இடைப்பட்ட ஊர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும். எந்த மருந்தும் உப்பைக் குறைக்காது; கரைந்த உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டும் போர் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றவே கூடாது.

எதைத் தேர்ந்தாலும் அளவு பார்ப்பது கடைசிக் குழாயில்தான். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) கரைசலில் ஒரு சிக்கல் உண்டு: கழிவுநீர் கசிந்த தண்ணீரில் அம்மோனியாவோடு சேர்ந்துபோன குளோரினும் அதில் மஞ்சளாகத் தெரியும். சொட்டு விழுந்த சில நொடிகளில் தெரியும் நிறத்தை மட்டும் நம்புங்கள். நின்று மெல்ல ஏறும் மஞ்சள் பெரும்பாலும் சேர்ந்துபோன குளோரின்தான். டி.பி.டி. மாத்திரையில் இந்தக் குழப்பம் குறைவு. ஆய்வகத்துக்கு அனுப்பும் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும், அசுத்தமான குழாய்க்கும் சுத்தம் என்று அறிக்கை வரும்.