ஸ்மார்ட்டா, கிளவரா? எதை எங்க போடணும்

ரெண்டுக்கும் புத்திசாலினு ஒரே அர்த்தம் சொல்லிக்குடுத்துட்டு விட்டுடுறாங்க, ஆனா இங்கிலாந்துக்காரர் யூ லுக் ஸ்மார்ட்னு சொன்னா உங்க மூளைய இல்ல, இஸ்திரி போட்ட சட்டையையும் பாலிஷ் போட்ட ஷூவையும்தான் பாராட்டுறார், விருந்து அழைப்புல ஸ்மார்ட் கேஷுவல்னு போடுறதும் இந்த அர்த்தத்துலதான். அங்க நல்லா படிக்கிற பையன் பெரும்பாலும் கிளவர். அமெரிக்கால அதே பையன் ஸ்மார்ட், கிளவர்னா சாமர்த்தியக்காரன், சில இடத்துல கொஞ்சம் தந்திரக்காரன்ங்கிற வாடையும் வரும்.

எனக்கு ஸ்மார்ட்தான் ரொம்ப பிடிக்கும், ஏன்னா பழைய ஆங்கிலத்துல அதுக்கு சுரீர்னு வலிக்கிறதுனு அர்த்தம், இன்னைக்கும் வெங்காயம் நறுக்கும்போது கண்ணு எரிஞ்சா மை ஐஸ் ஆர் ஸ்மார்ட்டிங்னு சொல்லலாம். அந்தக் கூர்மைதான் புத்திக்கும் பேச்சுக்கும் வந்திருக்கு, அதனாலதான் டோன்ட் கெட் ஸ்மார்ட் வித் மீன்னா அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதேனு அர்த்தம், பாராட்டுனு நினைச்சு தயவுசெஞ்சு சிரிச்சுடாதீங்க.

போன், டிவி, கார்டுக்கெல்லாம் ஸ்மார்ட் மட்டும்தான். ஆனா ஒருத்தர் யோசிச்சுக் கண்டுபிடிச்ச நல்ல ஐடியாவுக்கு நான் கிளவர்தான் போடுவேன், ரெண்டு ஊர்லயும் சரியா புரிஞ்சுக்குவாங்க.