மூக்குத்தி போட்டுக்கிட்டு சீபேப் மாஸ்க், மூணு வருஷத்துக்கு அப்புறம் எழுதறேன்

நான் இருக்கறது மலேசியால, சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயா. 2007ல பேரு மாத்தினாங்க, ஆனா நம்ம ஆளுங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, பாமாயில் எடுக்கற மரம். ஆலையில லோரி நிறுக்கற எடத்துல எனக்கு வேலை, குலையோட வரும்போது ஒரு நிறுவை, எறக்கிட்டுப் போகும்போது ஒரு நிறுவை, டிக்கெட் போட்டுக் குடுக்கணும். வயசு 53. தூக்கத்துல மூச்சு அடைக்கற நோய் எனக்கு, அதுக்கு மாஸ்க் வழியா காத்து அனுப்பற சீபேப் மெஷின 2022 மார்ச்ல வாங்கினேன், மூணு வருஷம் தாண்டிடுச்சு, நடுவுல ஒரு மாசம் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினதும் உண்டு. அந்த ஒரு மாசத்தப் பத்தித்தான் முக்கியமா எழுதணும், ஏன்னா நெறய பேரு அங்கயேதான் விட்டுடறாங்க.

முதல்ல குறட்டை. ஆம்பளைங்க குறட்டை விட்டா வீட்டுல பேசிச் சிரிப்பாங்க, பொம்பளைன்னா யாரும் வாயே திறக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரரு எத்தனையோ வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்ல, மனசு கஷ்டப்படும்னு பேசாம ஹால்ல போயி படுத்துக்குவாரு, நான் ஹால்ல காத்து நல்லா வருதுன்னு போறாருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காலைல மண்டை இடி, ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கறது, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கண்ணு தன்னால மூடிக்கறது. ஒரு நாள் நிறுவை டிக்கெட்ல ஒரு லோரி நம்பருக்கு பதிலா இன்னொரு லோரி நம்பரப் போட்டுட்டேன், ரெண்டு டிரைவருங்களும் எனக்கு மகன் வயசு, அவங்க டிரிப் காசுல கை வச்ச மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

கிளினிக்குக்குப் போகாம இல்ல. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி நம்பர் எடுத்து ஒக்காந்து, தலைவலி மாத்திரை, ரத்தத்துக்கு மாத்திரை எல்லாம் வாங்கியிருக்கேன். மாதவிடாய் நிக்கற வயசு, அசதியாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. அது பாதி உண்மை. மாதவிடாய் நின்னதுக்கப்புறம் பொம்பளைங்களுக்கு தூக்கத்துல இந்த மூச்சு அடைப்பு வர்றது அதிகமாகுது, அதையும் சேத்து யாராவது அப்பவே சொல்லியிருக்கலாம். பொம்பளைங்களுக்கு சத்தமான குறட்டை மட்டும்தான் அடையாளம்னு இல்ல, அசதி, தலைவலி, சரியா தூங்காதது, காரணமில்லாத எரிச்சல்னு வேற வேஷத்துல வரும், அதனாலயே தப்பிப் போயிடுது.

கடைசில புடிச்சது வீட்டுக்காரருதான். ஒரு ராத்திரி எதுக்கோ எழுந்து வந்தவரு என் பக்கத்துல நின்னு பாத்திருக்காரு. மூச்சு நின்னு போச்சாம். எண்ண ஆரம்பிச்சிருக்காரு, பதினெட்டு வரைக்கும் எண்ணிட்டு பயந்து போயி என்னப் புடிச்சு உலுக்கினாரு. மறுநாள் வேலைக்குப் போகல, மோட்டர் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு நேரா கிளினிக், அவரே டாக்டர்கிட்ட எண்ணிக் காமிச்சாரு. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தாங்க, அஞ்சு வெள்ளி கட்டி ஸ்பெஷலிஸ்ட், பல மாசம் காத்திருந்து வீட்டுலயே செய்யற தூக்க டெஸ்ட். விரல்ல ஒரு கிளிப், நெஞ்சுல ஒரு பெல்ட், மூக்குல ஒரு சின்ன டியூப், அவ்வளவுதான்.

ரிசல்ட்ல ஏஎச்ஐ 38. அப்படின்னா ஒரு மணி நேரத்துல சராசரியா 38 தடவ மூச்சு நின்னுச்சு இல்ல கொறஞ்சுச்சு. 10 வினாடிக்கு மேல நீடிச்சாத்தான் கணக்குல வரும். 5லேருந்து 15 வரைக்கும் லேசு, 15லேருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல கடுமை. ரத்தத்துல ஆக்சிஜன் ஒரு நேரத்துல 76 சதவீதத்துக்கு எறங்கியிருக்கு. தூங்கும்போது தொண்டை சதை தளர்ந்து காத்து போற வழிய மூடிடுது, மூளை அடிச்சு எழுப்புது, நமக்கு ஞாபகம் இருக்காது, ஆனா ராத்திரி பூரா ஒடம்பு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. மெஷின் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான், காத்த ஒரு அழுத்தத்துல அனுப்பி அந்த வழி மூடாம தாங்கிப் புடிக்குது. அது ஆக்சிஜன் மெஷின் இல்ல, எங்க சொந்தக்காரங்க பாதி பேரு அப்படித்தான் நெனச்சு பயந்தாங்க.

கூட்டு (சீட்டு) பணம் எடுத்து 4,300 வெள்ளிக்கு வாங்கினேன். ஆட்டோ வகை, 4லேருந்து 20 வரைக்கும் அழுத்தம் தானா ஏறி எறங்கும். கூடவே குடுத்த மாஸ்க் மூக்கு துவாரத்துல சொருகற மாதிரி ரெண்டு சின்ன ரப்பர் முனை வச்சது, சின்னதா லேசா இருக்கும், எல்லாரும் இதத்தான் விரும்பறாங்கன்னு சொல்லித் தந்தாங்க. நான் ஏழுக்கல்லு பேசரி மூக்குத்தி போட்டிருக்கேன். அந்த திருகு மூக்குக்கு உள்ள இருக்குல்ல, அந்த ரப்பர் முனை அது மேல போயி அழுத்தி ராத்திரி பூரா உரசி மூணாவது நாள் மூக்குல ரத்தம். கடைல கேட்டா பழகிடும்னு சொன்னாங்க. இது பழகற விஷயமா? மூக்குத்திய கழட்டுங்கன்னும் சொன்னாங்க. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி சீட்டு கட்டி எனக்குப் போட்ட பேசரி அது. சரி ஒடம்புக்காகன்னு ரெண்டு வாரம் கழட்டிப் பாத்தேன், விடியக்காலைல வேலைக்குக் கெளம்பற அவசரத்துல தெனம் அந்த திருகு போடறது நடக்கற காரியமே இல்ல.

அது போக இன்னொண்ணு. ஆரம்ப அழுத்தம் 4ல வச்சுக் குடுத்தாங்க, கம்மியா இருந்தா பழக ஈசின்னு. எனக்கு நேர்மாறா இருந்துச்சு. படுத்து மாஸ்க்க மாட்டினா காத்து பத்தாம மூச்சு முட்டற மாதிரி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், நாப்பது நிமிஷம் தாங்க மாட்டேன், பிச்சு எறிஞ்சிடுவேன். ஏப்ரல் மாசம் பூரா மெஷின் அலமாரில சேலைங்களுக்கு நடுவுல இருந்துச்சு. வீட்டுக்காரரு ஒண்ணும் கேக்கல. ஆனா திரும்ப எம்பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்க ஆரம்பிச்சாரு, அவரும் தூங்கல. அதத் தாங்க முடியாமத்தான் மே மாசம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்க ஒரு மலாய்க்கார நர்ஸ் பொண்ணு, அந்தப் பொண்ண நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "ஆண்ட்டி, பெலான் பெலான்"னு, மெதுவா மெதுவான்னு சொல்லி ஒக்கார வச்சு என் மூக்க கிட்ட வந்து பாத்தா. மூக்கு முழுசையும் மேலேருந்து மூடற முக்கோண மாஸ்க் ஒண்ண எடுத்து வச்சா, அதோட விளிம்பு மூக்குத்திக்கு வெளிய கன்னத்துல ஒக்காருது, பேசரி உள்ள பத்திரமா இருக்கு, எதுவும் உரசல. டாக்டர்கிட்ட பேசி ஆரம்ப அழுத்தத்த 7க்கு ஏத்தினாங்க, மூச்சு விடும்போது மட்டும் அழுத்தம் கொஞ்சம் எறங்கற ஒரு செட்டிங்கையும் போட்டாங்க. ஒக்காந்த எடத்துலயே மூச்சு லேசாச்சு. ரெண்டு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன், எனக்குத்தான் பொறுமை இல்லன்னு. எனக்கு ஒத்து வராதது சிகிச்சை இல்ல, மாஸ்க்கும் ஆரம்ப அழுத்தமும்தான்.

அந்தப் பொண்ணு சொன்ன இன்னொரு வழி. ராத்திரி படுக்கைல போயி முதல் தடவயா மாட்டக் கூடாது. சாயங்காலம் வேலை விட்டு வந்து குளிச்சிட்டு, நாற்காலில ஒக்காந்து, ரேடியோல மின்னல் எஃப்எம் கேட்டுக்கிட்டே மாஸ்க்க கையில புடிச்சு மூக்குல வச்சு வச்சு எடுக்கணும். ரெண்டு நாள் கழிச்சு வார் மாட்டணும். அப்புறம் காத்தோட இருவது நிமிஷம். நான் அப்படியே பத்து நாள் செஞ்சேன், கீரை ஆயும்போது கூட மாட்டியிருந்தேன், பத்தாவது நாள் அதோடயே நாற்காலில தூங்கிட்டேன்.

முதல் பலன் என்ன தெரியுமா, ஒண்ணுக்குப் போறது. ராத்திரி நாலு தடவ எழுந்தவ ஒரே வாரத்துல ஒரு தடவ, அதுவும் சில நாள் இல்ல. மூச்சு அடைக்கும்போது இருதயத்துக்கு பாரம் ஏறி ஒடம்பு அதிகமா சிறுநீர் பிரிக்குதாம், நான் அது சக்கரையோன்னு பயந்து ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணியிருக்கேன். ரெண்டாவது கனவு. எத்தன வருஷமா கனவே இல்லாம இருந்தேன்னு கனவு வந்தப்பதான் தெரிஞ்சுது. தோட்டத்து லயத்து வீடு, காலைல வேலைக்கு ஆள் கூடற பிரட்டுக் களம், எங்கப்பா சைக்கிள், அப்படியே கலர் கலரா நீளமா. தடைபட்டுக்கிட்டே இருந்த கனவுத் தூக்கத்த மூளை சேத்து வச்சு எடுத்துக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. தலைவலி மூணு வாரத்துல போச்சு. மத்தியான தூக்கம் போக ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, அவசரப்படாதீங்க.

மாறாததையும் சொல்லணும். எடை கொறையல, மெஷின் எடையக் கொறைக்காது. பிரஷர் மாத்திரை இன்னும் சாப்பிடறேன், டோஸ் மட்டும் டாக்டர் கொறச்சாரு.

நம்ம ஊரு சூட்டுக்கு வருவோம். மெஷின் காத்துக்கு ஈரம் குடுக்கற, தண்ணித் தொட்டி வச்ச ஹியூமிடிஃபையர் இருக்குல்ல, அத நல்லதுன்னு அஞ்சாம் நம்பர்ல வச்சுட்டு பேன் மட்டும் ஓடற ரூம்ல படுத்தேன், வேகற சோத்துப் பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்துச்சு. நம்ம காத்துலயே ஈரம் எக்கச்சக்கம். பேன் ரூம்னா ஒண்ணுல வைங்க, இல்ல நிறுத்துங்க. போன வருஷம் மகன் ஏர்கோன் மாட்டிக் குடுத்தான், அதுக்கப்புறம் வேற கதை, காத்து காஞ்சு மூக்கு எரிய ஆரம்பிச்சுது, ஹியூமிடிஃபையர ஏத்தினா சூடான ஈரக் காத்து குளிர்ந்த குழாய்ல போகும்போது தண்ணியா மாறி விடியக்காலைல மூக்குல சொட்டு சொட்டா விழும். குழாய்க்கு பழைய கைலித் துணில ஒரு உறை தைச்சுப் போட்டேன், ஏர்கோன 26ல வச்சேன், நின்னுடுச்சு.

தொட்டிக்கு ஊத்தறது காய்ச்சி வடிச்ச தண்ணிதான், பார்மசில வாங்கறேன். ரோட்டோரம் இருக்கற மெஷின்ல காசு போட்டுப் புடிக்கற தண்ணி போதும்னு ஒருத்தரு, ஒர்க்ஷாப்ல பேட்டரிக்கு ஊத்தற தண்ணி மலிவுன்னு ஒருத்தரு. பேட்டரி தண்ணி வேணவே வேணாம், அது நொரையீரலுக்குப் போற காத்துக்கு செஞ்சது இல்ல. மாமியா பாசத்துல தொட்டிக்குள்ள ரெண்டு சொட்டு கோடாலித் தைலம் விடப் போனாங்க, சளி இருக்கேன்னு. நல்ல வேளையா பாத்துட்டேன். தொட்டில தண்ணியத் தவிர எதுவும் போகக் கூடாது. மூக்குல தைலம் தடவிட்டு மாஸ்க் போடறதும் கூடாது, எண்ணெய் பட்டா அந்த சிலிக்கோன் கெட்டுப் போகும். சளி புடிச்சா உப்புத் தண்ணில மூக்கு கழுவிட்டு, டாக்டர் குடுத்த ஸ்ப்ரே அடிச்சிட்டுப் படுப்பேன்.

தலைமுடிக்கு எண்ணெய் வச்சா அன்னிக்கு ராத்திரி வார் வழுக்கிக்கிட்டு காத்து கசியும், அதனால எண்ணெய் தேச்சு குளிக்கறது காலைலதான். கொண்டைக்கு மேல வார் நிக்காது, ஒத்த சடை போட்டு முன்னால விட்டுக்கங்க. தாலிக்கொடில குழாய் மாட்டும், ரவிக்கைக்குள்ள விட்டுட்டுப் படுக்கணும். இதெல்லாம் கூட வர்ற புத்தகத்துல எழுத மாட்டாங்க.

பில்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தலாம்னு புத்தகம் சொல்லுது, எங்க பக்கம் ஆலைப் புகை, லோரித் தூசி, நான் ரெண்டு மாசத்துல மாத்தறேன். 2023 அக்டோபர் புகைமூட்டத்துல மூணே வாரத்துல வெள்ளை பில்டர் சாம்பல் கலராயிடுச்சு. அது நம்ம மூச்சுக்குள்ள போயிருக்கும்னு நெனச்சா பகீர்னுது. மாஸ்க்க தெனம் காலைல பிள்ளைங்களுக்குப் போடற சோப்புல கழுவி நிழல்ல காய வைப்பேன், வெயில்ல போட்டா வெறைச்சிடும்.

சத்தம் ஒரு விஷயமே இல்ல, பேன் சத்தம் அதவிட ஜாஸ்தி. 1980ல சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டரு வேக்குவம் கிளீனர் மோட்டார வச்சுத்தான் முதல் மெஷினே செஞ்சாராம், அந்த சத்தத்துல படுத்து தூங்கின முதல் நோயாளிக்கு எவ்வளவு கஷ்டம் இருந்திருக்கும்னு அடிக்கடி நெனப்பேன். இடி மழை நாள்ல கரண்ட் போனா சத்தம் நின்ன ஒடனே முழிப்பு வந்துடும், மாஸ்க்க கழட்டிட்டு ஒருக்களிச்சுப் படுத்துக்குவேன்.

இப்ப என் ஏஎச்ஐ 2, சில நாள் 3.

ஒரு தடவ புக்கிட் மெர்தாஜாம்ல சொந்தத்துல ஒரு மருமகன் கல்யாணம், எல்லாப் பொம்பளைங்களும் ஒரே ஹால்ல பாய் போட்டுப் படுக்கணும், வெக்கப்பட்டு மெஷின வீட்டுலயே விட்டுட்டுப் போனேன், ஒரே ராத்திரில அந்தப் பழைய மண்டை இடி திரும்ப வந்துடுச்சு. போன டிசம்பர் அந்த மருமகனோட தம்பி கல்யாணத்துக்கு மெஷின எடுத்துட்டுப் போனேன். சுவத்தோரம் பிளக் பாத்து மாட்டிட்டுப் படுத்தேன். சின்னப் பிள்ளைங்க சுத்தி நின்னு பாத்தாங்க, யானை மாதிரி இருக்கு பெரியம்மான்னாங்க, நானும் சரி யானைதான் படுங்கன்னேன். விடியறதுக்கு முன்னால என் நாத்தனார் மெதுவா பக்கத்துல வந்து படுத்தாங்க. "அண்ணி, எனக்கும் இப்படித்தான், அவரு தள்ளிப் படுக்கறாரு, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல"ன்னாங்க. அவங்களுக்கும் மூணு பிள்ளை, அதே வயசு, அதே மத்தியான அசதி.

அவங்களுக்கு டெஸ்ட் முடிஞ்சிடுச்சு, அடுத்த மாசம் மாஸ்க் அளவு பாக்க நானும் கூடப் போறேன். மூக்குத்தி திருகு விஷயத்த இப்பவே போன்ல சொல்லிட்டேன், நானே எடுத்துச் சொல்லித்தான் மாஸ்க் வாங்கணும்னு இருக்கேன்.