லேபிளை மட்டும் நம்பி ரெக்கார்டு வாங்காதீர்கள்: நாதஸ்வர எல்பிக்குப் பதிலாக வந்த இந்தித் தட்டு

பழைய எல்பி (ஒரு பக்கத்தில் பல பாட்டு ஓடுகிற பெரிய ரெக்கார்டு) வாங்குகிறவர்கள், குறிப்பாக நாதஸ்வரம், கர்நாடக சங்கீதம் என்று தேடி வாங்குகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். வேறு ஏதோ ஒரு ரெக்கார்டின் நடுவில் இருக்கிற வட்டக் காகித லேபிளின் மேல் போலி லேபிளை ஒட்டி விற்கிற வேலை நடக்கிறது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, அப்படி வந்த தட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது.

நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் எல்பி ஒன்றை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964-லேயே போய்விட்டார். அவர் வாசித்த தட்டு நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் கிடைப்பதில் பாதி மைக் செட்காரர்களிடம் இருந்தவை. கல்யாண வீடு, கோயில் கொடை என்று கனமான ஊசியில் ஓடி ஓடிப் பள்ளமெல்லாம் தேய்ந்திருக்கும், பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் மேல் ஸ்தாயி வரும்போது குழல் பிளந்துவிடும். அதனால்தான் திண்டுக்கல் பக்கம் மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் சென்டரின் சரக்கு என்று சொல்லி ஒருவர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியபோது ஆர்வம் வந்தது. எண்பதுகளில் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுத்த கடைகள் நல்ல டெக்கில்தான் தட்டை ஓட்டுவார்கள், ஊசியையும் ஒழுங்காக மாற்றுவார்கள். இது அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கிறது, அதை வைத்துத்தான் பேசினார்.

நாதஸ்வர எல்பிக்கு 3,500 ரூபாய், கூடவே எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா எல்பி இரண்டு, பழைய ஈபி (சின்ன ரெக்கார்டு) சில, எல்லாம் சேர்த்து 8,500. ஜாக்கெட்டின் (தட்டைப் போட்டு வைக்கிற அட்டை உறை) முன்பக்கம், பின்பக்கம், லேபிள் என்று தெளிவான படங்கள் வந்தன. "எல்லாம் மின்ட் கண்டிஷன் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். மின்ட் என்றால் புதுத் தட்டு மாதிரி இருப்பது. பணம் ஜிபேயில் போனது, பார்சல் கூரியரில் வந்தது.

ஜாக்கெட் அசல்தான், அதில் சந்தேகமே இல்லை. பழுப்பேறிய அட்டை, மடிப்பு ஓரத்தில் தேய்மானம், ரெக்கார்டிங் சென்டரின் ரப்பர் ஸ்டாம்ப், வலது மேல்மூலையில் நீல மையில் 147 என்று எழுதி ஒரு வட்டம். தட்டை உள்ளே இருந்து எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்தபோதுதான் உறுத்தியது. லேபிளில் இந்தப் பக்கத்துக்கு மூன்று உருப்படி என்று போட்டிருக்கிறது, தட்டிலோ ஆறு பட்டைகள் தெரிகின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பள்ளம் அகலமாக ஓடி ஒரு கோடு மாதிரி தெரியுமே, அதை எண்ணினாலே போதும், எத்தனை பாட்டு என்று தெரிந்துவிடும். நாலைந்து முறை எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். ஊசியை வைத்தால் வயலின் கூட்டமும் டோலக்கும், ஒரு அம்மா இந்தியில் பாடுகிறார். அந்தப் பாட்டில் எந்தக் குறையும் இல்லை, நல்ல பாட்டு. ஆனால் காருகுறிச்சியின் கல்யாணி ராகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று ரெக்கார்டு சேர்க்கிறவர்களுக்குப் புரியும்.

அப்புறம் லேபிளைப் பார்த்தேன். அசல் ரெக்கார்டில் லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதே கிடையாது. தட்டை அச்சில் வைத்து அழுத்தும்போதே அந்தச் சூட்டில் காகிதமும் தட்டின் வினைல் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒன்றாகிவிடும், விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படாது. இதில் ஓரம் தட்டுப்பட்டது. நகத்தை வைத்து லேசாகத் தூக்கினால் அடியில் வேறு நிறத்தில் இன்னொரு லேபிள். நடு ஓட்டை ஒரு நூல் அளவு விலகி வெட்டியிருக்கிறது. ஈர விரலை மேலே வைத்ததும் எழுத்து மை கரைந்து விரலில் வந்தது, அதாவது வீட்டு பிரிண்டரில் எடுத்த பிரதி. அசல் லேபிளை ஸ்கேன் செய்து, அளவாக வெட்டி, மலிவாகக் கிடைக்கிற இந்தி எல்பியின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டி, அசல் ஜாக்கெட்டுக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்த வேலை இது, பார்சல் கட்டும்போது தட்டு மாறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

எக்கோ தட்டுகள் அசல்தான், ஆனால் எண்ணெய் பூசியிருந்தார்கள். கீறலை மறைக்க இப்படிச் செய்வதுண்டு, ஈரப்பசையில் மெல்லிய கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் ஊசி முனையில் பழுப்பாக ஒரு கட்டி சேர்ந்துவிட்டது. அதோடு தொடர்ந்து ஓட்டினால் ஊசியும் போகும், தட்டும் போகும். டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்து கழுவியதில் எண்ணெய் போனது, கீறல்கள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. (இந்தக் கலவையை 78 ஆர்பிஎம் தட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.) ஈபிக்கள் சுமார், அதில் இரண்டு நன்றாகவே ஓடுகின்றன.

அவரைக் கூப்பிட்டேன். "பழைய சாமானுக்கு கேரண்டி கேட்டா எப்படிண்ணே, நாங்க ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் விக்கிறோம், உள்ள என்ன இருக்குன்னு ஓட்டிப் பார்க்கிறது இல்லை" என்றார். மின்ட் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. லேபிள் பெயர்ந்து நிற்கிற படத்தை அனுப்பினேன், நீல டிக் வந்தது, அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். சைபர் கிரைம் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் கொடுத்திருக்கிறேன், இதுவரை பணம் வரவில்லை. பேசியது, பணம் போட்டது எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் இருக்கிறது. நீங்களும் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், தட்டை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் காட்டுகிற வரைக்கும் நிறுத்தாமல்.

பணம் போவது ஒரு பக்கம். இப்போது புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கி, அப்பாவோ தாத்தாவோ கேட்ட பாட்டைத் தேடி வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் தட்டே இப்படி வந்தால் அவர்கள் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள், நியாயமாக விற்கிற நல்ல வியாபாரிகளையும் நம்ப மாட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

விற்கிறவரிடம் லேபிளின் படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், முழுத் தட்டும் தெரிகிற மாதிரி விளக்கைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படம் கேளுங்கள். பட்டைகளை எண்ணி லேபிளில் உள்ள பாட்டுகளோடு ஒப்பிடுங்கள். முக்கியமாக, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற வழவழப்பான இடத்தில் ஒரு எண் பொறித்திருக்கும், அதைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊர்த் தட்டுகளில் பெரும்பாலும் அதே எண் லேபிளிலும் சின்ன எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ரெக்கார்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கிற டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். காகிதத்தை மாற்றி ஒட்டலாம், வினைலில் பொறித்த எண்ணை மாற்ற முடியாது. ஊசி தட்டில் இறங்குவதிலிருந்து ஒரு நிமிஷம் ஓடுகிற வீடியோவும் கேளுங்கள். சாக்குப்போக்கு சொன்னால் விட்டுவிடுங்கள், எவ்வளவு அபூர்வமான தட்டாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. போன வாரம் கோயம்புத்தூர் நண்பர் ஒருவருக்கு வேறொரு எண்ணிலிருந்து ஒரு நாதஸ்வர எல்பியின் படம் வந்திருக்கிறது. வலது மேல்மூலையில் நீல மையில் வட்டமிட்ட 147. அந்த ஜாக்கெட் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டி யார் பேசினாலும் பணம் போடாதீர்கள்.

உங்களில் யாரிடமாவது காருகுறிச்சியின் அசல் எல்பி இருந்தால், இரண்டு பக்கத்திலும் பொறித்திருக்கிற எண்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கிறேன், வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.