வலப்பக்கத்துக் கீழ்ப் போல்ட்

விலை இறங்கிவிட்டது என்று மட்டக்களப்பு நண்பர் ஒருவர் கடைப் படமொன்றை அனுப்பியிருந்தார். சைக்கிளின் பின்னால் பூட்ட நான் வைத்திருக்கும் அதே அலுமினியக் கரியர், அதே சோடிப் பக்கப் பைகள். நான் கொடுத்ததைவிட வெகுவாகக் குறைந்த விலை. படத்துக்குக் கீழே "வாங்கலாமா?" என்று மட்டும் கேட்டிருந்தார். கேட்ட வேளை சரியில்லை. சைக்கிள் சட்டத்துக்குள் முறிந்து நின்ற போல்ட் துண்டைத் துளைத்து எடுப்பித்துக்கொண்டு அன்று பிற்பகல்தான் பட்டறையிலிருந்து வந்திருந்தேன். நகக்கண்ணில் இருந்த கிறீஸ் கூடப் போகவில்லை. ஆகவே கீழே வரும் பாராட்டைக் கொஞ்சம் கூட்டியும் திட்டைக் கொஞ்சம் கழித்தும் வாசித்துக்கொள்ளுங்கள்.

2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை, அதற்கும் வரிசை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்கள் எல்லாம் வீதிக்கு வந்தன. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, ஒரு ரயர் வாங்குவதற்கே வீட்டில் ஆலோசனைக் கூட்டம் வைக்க வேண்டியிருந்தது. அந்த விலையில்தான் நான் இவற்றை வாங்கினேன். எரிபொருள் திரும்பி வந்த பின்னும் சைக்கிளை விட்டு இறங்க மனம் வரவில்லை. திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி வரை என்று தொடங்கியது குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே நீண்டது. பிறகு தெற்கே வெருகல் கடந்து மட்டக்களப்பு வரை போய்விட்டது.

முதலில் பைகள். கொள்ளளவு, எடை, நிறம் எல்லாம் கடைப் படத்திலேயே இருக்கின்றன, விடுகிறேன். வாயைச் சுருட்டி இரு பக்கமும் கொழுவிப் பூட்டும் வகை. தையல் கிடையாது, பிளாஸ்டிக் பூசிய துணியின் மூட்டுகளைச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஊசி போன துளையே இல்லாததால் தண்ணீர் புக வழியில்லை. மார்கழியில் ஒருமுறை இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டியதும் பிடித்த மழை குச்சவெளி வரை விடவில்லை. என் உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. பைக்குள் இருந்த பாண் சுற்றிய கடதாசி கூட ஈரம் காணாமல் இருந்தது. ஒரு பையை நினைத்து இப்படி மகிழ்ச்சியடைவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உள்ளே போன ஈரமும் வெளியே வராது என்பதையும் சொல்ல வேண்டும். வியர்வைச் சட்டையைக் காலையில் சுருட்டி வைத்துவிட்டு மாலையில் பையைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; தண்ணீரை விடாத துணி காற்றையும் விடாது. கச்சான் வீசும் மாதங்களில் வடக்கு நோக்கிப் போனால் இடப்பக்கப் பை காற்றை முழுதாக வாங்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துத்தான் மிதிக்க வேண்டும். ஆனாலும் கரியரின் மேலே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். மேலே கட்டினால் பாரம் உயரத்தில் நின்று ஆடும். எழுந்து நின்று மிதித்தால் சைக்கிள் ஒருபக்கம், மூட்டை மறுபக்கம். பாரம் பக்கங்களில் தாழ்ந்து தொங்கும்போது அந்த ஆட்டம் இல்லை.

இனிக் கரியர்.

நம்முடைய பழைய கறுப்புச் சைக்கிளின் இரும்புக் கரியரைப் பாருங்கள். அதன் கால்கள் பின்சில்லின் அச்சிலேயே, நட்டுக்குள் பிடிபட்டிருக்கும். ஏற்றும் பாரம் நேரே அச்சுக்குப் போய்விடும். அந்த அச்சு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு. ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே ஊர் ஊராகப் போகும் வியாபாரிகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. புதிய சட்டங்களில் கரியர் அச்சைத் தொடுவதே இல்லை. சில்லுப் பொருந்தும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சின்னக் காது, அதற்குள் மரை, அந்த மரையில் ஒரு 5 மில்லிமீற்றர் போல்ட். கீழே பக்கத்துக்கு ஒன்று, மேலே இருக்கைக்கு அருகே இன்னும் இரண்டு. மேலிருப்பவை கரியர் பின்னால் சாயாமல் பிடிப்பவை. கூடாரம், தண்ணீர், உடுப்பு, கருவி என்று எல்லாமே கீழே இருக்கும் அந்த இரண்டின் தயவில்தான் நிற்கின்றன. 25 கிலோ தாங்கும் என்று கரியரிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் ஒருநாளும் அந்த அளவை எட்டியதில்லை.

போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை பாரத்தைத் தாங்குவது உண்மையில் உராய்வுதான். கரியரின் தகடும் சட்டத்தின் காதும் ஒன்றையொன்று நெரித்துப் பிடித்திருக்கும். சற்றே தளர்ந்தால் அந்தப் பிடி போய்விடும். பிறகு ஒவ்வொரு குலுக்கலுக்கும் போல்ட்டே வளைந்து நிமிர வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான தடவை வளைந்த உருக்கு, பெரிய அடி எதுவும் படாமலே ஒருநாள் முறிந்துபோகும்.

இடப்பக்கப் போல்ட் ஒரு சாது. கொஞ்சம் நீளமானதைப் போட்டு உட்புறத்தில் நைலோன் வளையம் வைத்த நட்டால் பூட்டிவிட்டால் பேசாமல் கிடக்கும். வலப்பக்கத்தில் அதற்கு இடமில்லை. உட்புறம் மிகச் சிறிய பற்சில்லும் அதன்மேல் செயினும் ஓடுகின்றன. போல்ட் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றாலும் செயின் அந்தப் பற்சில்லுக்கு இறங்கும்போது உரசும். நட் போடுவது பற்றி நினைக்கவே வேண்டாம். ஆக, பாரத்தின் பாதியைச் சுமக்கும் ஆணி சட்டத்தின் தடிப்பளவு மரையை மட்டும் நம்பி நிற்கிறது. எப்போது கழன்றாலும் கழல்வது இதுதான்.

ஸ்பிரிங் வாசர் போட்டேன். மரையில் தடவும் நீலப் பசை தடவினேன். சில காலம் நிற்கும், பிறகு மறுபடியும் கழலும். புறப்படும் முன் 4 மில்லிமீற்றர் அலன் சாவியால் ஒரு திருகு, தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் இன்னொரு திருகு. கூட வந்தவர்கள் கை கழுவி வடைக்குச் சொல்லும்போது நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். தளரத் தொடங்கியதும் அது சத்தத்தில் தெரியும். 'டிக்' என்று ஒன்று. கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி 'டிக்'. அந்தச் சத்தம் வந்த பிறகு இடப்பக்கக் களப்பும் இல்லை, வலப்பக்கக் கடலும் இல்லை. புல்மோட்டைக் கருமணலைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்பதும் மறந்துபோகும். காது பின்சில்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

போல்ட்டின் உலோகத்தை மாற்றிப் பார்க்கலாமே என்பீர்கள். கரியரோடு வந்தது கறுப்பு. தலையில் 12.9 என்று பொறித்திருந்தது. 1200 மெகாபாஸ்கல் இழுவலிமை உள்ள நல்ல உருக்கு. ஆனால் எங்கள் கடற்காற்றில் ஒரு மாரிக்குள் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. துருப்பிடிக்காத உருக்குக்கு மாறினேன். அதன் தரம் ஏ2-70, வலிமை 700தான். போதாததற்கு, அந்த உருக்கும் சட்டத்தின் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகி, போல்ட் மரைக்குள் இறுகிப்போகும். கிறீஸ் தடவினால் அரிப்புக் குறையும். கிறீஸ் தடவிய மரையில் நீலப் பசை பிடிக்காது. இதை வடிவமைத்தவர் உப்புவெளியில் ஒரு வருடம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

முறிந்தது மட்டக்களப்பிலிருந்து திரும்பும்போது, கிளிவெட்டி தாண்டி. நல்ல காப்பெட் வீதி. பள்ளம் இல்லை, பாரமும் பெரிதாக இல்லை, காலையில் இறுக்கிப் பார்த்த போல்ட். அன்று 'டிக்' சத்தம் கூடக் கேட்கவில்லை. வலப்பை மெல்லச் சாய்ந்தது. கரியரின் கால் சில்லுக் கம்பிகளுக்குள் போவதற்கு முன் நிறுத்திவிட்டேன். உருட்டியும் மெல்ல மிதித்தும் மூதூருக்கு வந்து, பழைய சைக்கிள் கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைக்கார நானா சாரத்தை மடித்துக்கொண்டு குந்தி, முறிந்த தலையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு சாமானுக்கும் இந்த ஊசியைத்தானா பூட்டி வைத்திருக்கிறார்கள்?"

"வெளிநாட்டுக் கரியர், நானா."

"அங்கே மீன் பெட்டி கட்டுவதில்லைப் போல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மோட்டார் சைக்கிளின் பழைய ரியூபை நீளவாக்கில் பட்டியாக வெட்டினார். கரியரின் காலைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கம்பியால் முறுக்கி, அதன்மேல் அந்தப் பட்டியை இழுத்து இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். குறடு ஒன்றைத் தவிர வேறு கருவி எடுக்கவில்லை. காசு வேண்டாம் என்றவரிடம் தேநீருக்கென்று சொல்லித்தான் கொடுக்க முடிந்தது.

மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக வீடு வரை அந்தக் கட்டு நின்றது. (கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை இந்த வழியில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து, சைக்கிளைச் சாமானோடு ஏற்றி இறக்கிப் போக வேண்டும். இப்போது காற்றைத் தவிர மறிப்பார் இல்லை.) நின்றது பெரிதில்லை. வழி முழுவதும் கரியர் வாயே திறக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு அமைதியாக அது ஓடியதே கிடையாது. இத்தனை விலை கொடுத்த ஒன்றைக் கழிவு ரப்பர் ஒரு துண்டு திருத்திவிட்டது என்பதில் சந்தோஷப்படுவதா, விற்றவனைத் தேடிப் போவதா என்று கிண்ணியாப் பாலத்தில் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை.

கருவிகளைப் பற்றி நண்பர் கேட்கவில்லை. ஆனாலும் இந்தப் போல்ட் என் சாமான் அடுக்கும் முறையையே மாற்றிவிட்டதால் சொல்கிறேன். கனமானவை எல்லாம் இப்போது இடப்பைக்கு, அதுவும் அடியில், முன்பக்கமாக. வலப்பையில் உடுப்பும் படுக்கையும் மட்டும். மாற்று ரியூபைக் கருவிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. குலுக்கலில் அலன் சாவியின் முனை உரசி உரசி அதை ஓட்டையாக்கிவிடும். பழைய காலுறைக்குள் கொஞ்சம் பவுடர் போட்டு ரியூபை அதற்குள் வைத்தால் நெடுநாள் கெடாது. ஒட்டுப் பசை ஒருமுறை திறந்தால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் காயத் தொடங்கும், ஆகவே பெரிய குழாய் ஒன்றுக்குப் பதில் சின்னக் குழாய்கள். நண்பரின் சில்லில் இருப்பது ஒல்லி வால்வு. வழியில் எந்தக் கடைப் பம்மும் அதைப் பிடிக்காது, பித்தளை இணைப்பி ஒன்று சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். ரியூப் பட்டி ஒரு கட்டு இப்போது எப்போதும் என்னிடம் இருக்கிறது. இரண்டு கரியர்க் கால்களிலும் போல்ட்டுக்கு மேலாக நானா சுற்றியது போலவே சுற்றி வைத்திருக்கிறேன். அழகில்லை. வேண்டியதில்லை.

விற்ற கடைக்கும் எழுதிப் பார்த்தேன். போல்ட், நட், வாசர் ஆகியவை உத்தரவாதத்தில் அடங்கா என்று இரண்டு வரியில் பதில். மாதம் ஒருமுறை இறுக்கும்படி அறிவுரையும் இலவசம். பட்டறைக்காரர் முறிந்த துண்டின் நடுவில் புள்ளி குத்தித் துளைத்து, மிச்சத்தை வெளியே எடுத்துவிட்டு, துளையைப் பெருக்கி 6 மில்லிமீற்றர் மரை வெட்டித் தந்தார். ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பு 40 வீதத்துக்கும் மேல் கூடுகிறது. கரியரின் துளையையும் பெருக்க வேண்டியிருந்ததால் மிச்சமிருந்த உத்தரவாதமும் போயிற்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கரியரின் தண்டுகள் இன்றுவரை வளையவில்லை. பற்றுவைத்த இடம் ஒன்றும் வெடிக்கவில்லை. பைகளின் கொளுக்கிகள் தேயவில்லை, பூட்டுகள் உடையவில்லை, நிறம் மட்டும் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. குறைகளை எழுதவென்று உட்கார்ந்தால் அந்த ஒரு போல்ட்டைத் தவிர எதுவும் வரமாட்டேன் என்கிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. எல்லாமே மோசமாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். பைகள் தனியே கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கரியருக்கு, அச்சில் பூட்டும் இரும்புக் கரியர் ஒன்றைப் பழைய சைக்கிள் கடைகளில் தேடுங்கள்; எடை கூடும், கூடட்டும். பையின் கொளுக்கி அந்தக் கம்பியைப் பிடிக்குமா என்று தடிப்பை அளந்துகொண்டு போங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்று கடைக்காரர் நின்றால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் காசைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என்னுடையதைத் தருவாயா என்று மட்டும் கேட்க வேண்டாம். வருகிற வாரம் திரியாய்க்குப் போக வேண்டும், அதில்தான் சாமான் கட்டியிருக்கிறேன்.