மதுரை ஷோரூமா, உசிலம்பட்டி சப் டீலரா, தெருமுனை மெக்கானிக்கா?

அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன வாரம் போன் செய்தான். "மாமா, ஒரு 125 எடுக்கப் போறேன். மதுரையில எடுக்கவா, இங்க உசிலம்பட்டியிலயே எடுக்கவா?" எந்த வண்டி என்று கேட்கவே இல்லை. அதை அவன் கூட்டாளிகள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். எங்கே எடுப்பது என்பதற்குத்தான் மாமா தேவைப்பட்டேன்.

கேட்டதில் தப்பில்லை. எங்கள் குடும்பத்தில் என் வண்டி மதுரையில் ஒரு பெரிய ஷோரூமில் எடுத்தது. மச்சான் வண்டி உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சப் டீலரிடம், அதாவது மதுரை மெயின் டீலர் வழியாக வண்டி விற்கிற சின்னக் கடையில் எடுத்தது. சித்தப்பாவின் எக்ஸ்எல், மூன்றாவது ஃப்ரீ சர்வீஸுக்குப் பிறகு கம்பெனி வாசலையே மிதித்ததில்லை, தெருமுனை மெக்கானிக்கோடு சரி. மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. இதில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, கம்பெனி வைப்பது; பெரிய கடை, சின்னக் கடை எல்லாம் ஒன்றுதான். சாலை வரி அரசு வாங்குவது: 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையான புது டூவீலருக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. முன்பு 8 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில், லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி நின்ற சில வண்டிகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, வரி விகிதத்திலும் ஒரு படி இறங்கின. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் புது வண்டிக்கு 5 வருடம் கட்டாயம். 75-க்கு மேல் 150 சிசி வரை அதற்கு 2022-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் 3,851 ரூபாய், வரி தனி. இதில் எதிலும் டீலர் கை வைக்க முடியாது.

கை வைப்பதெல்லாம் கொட்டேஷனின் கீழ்ப்பாதியில். மருமகன் மதுரையில் வாங்கிய கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். எக்ஸ் ஷோரூம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் பளிச்சென்று அச்சில் இருந்தன. அதற்குக் கீழே பேனாவில் "ஹேண்ட்லிங் 1,500", "கிட் 4,850" என்று இரண்டு வரி, அவசரக் கையெழுத்தில். கிட் என்றால் என்ன என்று கேட்கச் சொன்னேன். கிராஷ் கார்டு, சீட் கவர், சைடு ஸ்டாண்டுக்கு ஒரு ரப்பர், டேங்க் பேடு, ஒரு கோட்டிங், கூடவே ஹெல்மெட் என்றார்களாம். ஹெல்மெட்டுக்குக் காசா? வண்டி விற்கும்போது ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு வர வேண்டியது. "ஹேண்ட்லிங்குக்கு தனி ரசீது தருவீங்களா?" என்று அவன் கேட்டதும், அந்த 1,500 சத்தமில்லாமல் அடிபட்டுப் போனது. கிட்டும் பாதியானது.

உசிலம்பட்டியில் கிட் தொல்லை கிடையாது. அங்கே ஹேண்ட்லிங் என்று சொல்ல மாட்டார்கள், "மதுரையில இருந்து கொண்டு வர்ற செலவுண்ணே" என்பார்கள். தொகை என்னவோ பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் முகம் தெரிந்தவர் என்பதால் பேரம் பேச நமக்கே கூச்சமாக இருக்கும். இந்தக் கூச்சத்துக்கு விலை போட்டால் பெரிய ஷோரூம் மலிவு என்றே சொல்வேன்.

கொண்டு வருகிற செலவு என்றதும் மச்சானின் கதை ஞாபகம் வருகிறது. சப் டீலர் கடையில் மொத்தம் நான்கு வண்டி நிற்கும். நாம் கேட்கிற நிறம் எப்போதும் இருக்காது. "நாளைக்கு வந்துரும்" என்றார்கள், சொன்னபடி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பெரிய அட்டைச் சாவியோடு படம் எடுத்து முடிந்த பிறகுதான் மச்சான் மீட்டரைப் பார்த்தார். 43 கிலோமீட்டர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். ஆக, டாடா ஏஸில் ஏறி வர வேண்டிய புது வண்டியை யாரோ ஒரு பையன் மிதித்துக் கொண்டு வந்திருக்கிறான், அதுவும் புது இன்ஜினைப் பழக்க வேண்டிய ரன்னிங் இன் காலத்தில். செலவு மட்டும் பில்லில் இருந்தது. மச்சான் கேட்டதற்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டுக் கொடுத்துச் சமாளித்துவிட்டார்கள். பூஜை போட்ட வண்டியைத் திருப்பிக் கொடுப்பதா என்று அக்கா தடுத்துவிட்டது.

மதுரையில் இது நடக்காது. அங்கே வேறொன்று நடக்கும். ஸ்டாக் நிறைய இருப்பதால் பழைய ஸ்டாக்கும் இருக்கும். எனக்கு முதலில் காட்டிய வண்டி எட்டு மாதத்துக்கு முன் தயாரானது. சேல் சர்டிபிகேட் எனப்படும் படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். ஆனால் அது கைக்கு வரும்போது பணம் கட்டி முடித்திருப்போம். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, எந்த மாதத் தயாரிப்பு என்று கேட்டு, அதை பில்லிலேயே எழுதச் சொல்ல வேண்டும். டிசம்பர் கடைசியில் தள்ளுபடி தருவதும் இதனால்தான். ஜனவரி பிறந்தால் அது போன வருஷத்து வண்டி, விற்கும்போது அடிவாங்கும். ஆடித் தள்ளுபடி அப்படியல்ல. ஆடியில் வண்டி எடுக்க ஆள் வராது, அவ்வளவுதான். சகுனம் பார்க்காதவர்களுக்கு நல்ல மாதம். எங்கள் வீட்டில் பார்ப்பார்கள்.

லோனை இரண்டு வரியில் முடித்துவிடலாம். இரண்டு இடத்திலும் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பது அதே பைனான்ஸ் கம்பெனி ஆட்கள்தான். "பத்து பர்சென்ட் ஃப்ளாட்" என்றால், அதாவது அசல் குறையக் குறையவும் முழுத் தொகைக்கே வட்டி என்றால், ஏமாற வேண்டாம்: ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம் மாதம் 3,611 ரூபாய் கட்டினால், குறைந்துவரும் அசலின் மேல் கணக்குப் போட அது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி. வங்கியில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, சர்வீஸுக்கு வருவோம். ஷோரூம் நல்லதா இல்லையா என்பது வண்டி எடுக்கிற அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் நல்லவர்கள், ஜூஸ் எல்லாம் கொடுப்பார்கள். முதல் சர்வீஸுக்கு, அதாவது பெரும்பாலான வண்டிகளில் 500-லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள், காலை எட்டரைக்குப் போய் நின்றால்தான் தெரியும்.

என் ஷோரூமில் அன்று என் டோக்கன் 47. கையில் டேப் வைத்திருந்த அட்வைசர் வண்டியைச் சுற்றி நான்கு படம் எடுத்து, ஏற்கெனவே இருந்த கீறலையும் காட்டி, செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கினார். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். செயின் சத்தம் வருகிறது என்று சொன்னேன், எழுதிக்கொண்டார். சாயங்காலம் வண்டி கண்ணாடி மாதிரி வந்தது. ஜாப் கார்டில் "செயின் அட்ஜஸ்ட், லூப்" என்று டிக். நான் காலையில் ஒரு வேலை செய்திருந்தேன்: வீட்டம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, செயின் அட்ஜஸ்டர் நட்டும் அதன் பக்கத்து இரும்பும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. நட்டைத் தொடவே இல்லை.

சத்தம் போடவில்லை. சர்வீஸ் மேலாளரைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார், சிரித்துவிட்டார், ஒரு பையனைக் கூப்பிட்டு என் கண் முன்னால் செய்யச் சொன்னார். இருபது நிமிடம். அதற்குப் பிறகு என் வண்டி போனால் செயின் விஷயத்தில் குறை வந்ததில்லை. மற்ற 46 பேரின் செயினைப் பற்றி எனக்குத் தெரியாது.

மச்சானுக்கு இந்த நெயில் பாலிஷ் வேலையே தேவைப்படவில்லை. சப் டீலரிடம் ஒரே ஒரு மெக்கானிக், ஒரு உதவிப் பையன். மச்சான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். டீ வரும். கழற்றின ஆயில் ஃபில்டரைக் கையில் கொடுத்து, "பாருங்க, இன்னும் ரெண்டாயிரம் போயிருந்தா கெட்டிருக்கும்" என்று மெக்கானிக் காட்டுவார். வாட்டர் வாஷ் சுமார்தான், பாலிஷ் கிடையாது. ஆனால் சொன்ன வேலை நடக்கும். செக்கானூரணி தாண்டி ராத்திரி ஏழு மணிக்கு வண்டி நின்றுபோனால் அவருக்கே போன் போடலாம். என் ஷோரூமில் அந்த நேரத்துக்குப் போன் போட்டால் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் எண் 2-ஐ அழுத்தச் சொல்லும்.

அப்படியென்றால் சப் டீலர்தான் ஜெயித்தாரா? வாரண்டி என்று வந்தால் தோற்கிறார். என் வண்டியில் ஃப்யூயல் பம்ப் மக்கர் செய்தபோது நான்கு நாளில் புதுசு மாட்டிக் கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த வருடம் அதே கோளாறு மச்சான் வண்டிக்கு. பதினேழு நாள் ஆனது. காரணம் மெக்கானிக் இல்லை. சப் டீலர் தன் பெயரில் கம்பெனியிடம் எதையும் கேட்க முடியாது. மெயின் டீலர் வழியாகத்தான் பாகம் வர வேண்டும், கிளைம் போக வேண்டும். மெயின் டீலருக்கோ தன் வாசலில் நிற்கிற வண்டிதான் முதலில். பில்லும் மெயின் டீலர் பெயரில்தான் இருக்கும். ஆர்சி வரத் தாமதமானாலும் "மதுரையில கேட்டுச் சொல்றேண்ணே" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது பல கம்பெனிகள் 5 வருட வாரண்டி தருகிற நிலையில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது ஆள், சித்தப்பாவின் மெக்கானிக். கார்புரேட்டர் காலத்தில் இவரை யாரும் அசைக்க முடியாது. காதை வைத்துக் கேட்டே ஐடிலிங் வைப்பார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்து, பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறிவிட்டது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்க்ரூ டிரைவர் உதவாது, ஸ்கேனர் வேண்டும். முதல் இரண்டு வருடம் இப்படி இன்ஜெக்டர் வைத்த எஃப்ஐ வண்டி வந்தால் "கம்பெனிக்கே போயிருங்க" என்று கும்பிடு போட்டவர், இப்போது ஒரு ஸ்கேனர் வாங்கி முறுக்கு டப்பாவில் துணி சுற்றி வைத்திருக்கிறார். எல்லா கம்பெனி வண்டிக்கும் அது பேசாது. பேசுகிற வண்டிக்கு நன்றாகவே பார்க்கிறார், கூலியும் ஷோரூமைவிடக் கணிசமாகக் குறைவு. ஃப்ரீ சர்வீஸ் என்பதே கூலி மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலும் சில்லறைச் சாமானும் நம் காசு என்பதை இங்கே ஞாபகம் வைக்க வேண்டும். ஆனால் வாரண்டி இருக்கும்வரை சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை வேண்டும்; அதை இவரால் குத்த முடியாது. ஸ்பேர் மட்டும் நாமே கம்பெனி கவுண்டரில் வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம். டிஸ்க் பேடில் டூப்ளிகேட் போட்டுவிட்டு மழையில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பிரச்சினை முற்றினால் என்ன வழி என்பதிலும் மூவரும் ஒன்றில்லை. பெரிய ஷோரூம் என்றால் ஜாப் கார்டு, பில், கையெழுத்து எல்லாம் இருக்கும். கம்பெனிக்கு மெயில், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. மெக்கானிக்கிடம் இதெல்லாம் கிடையாது. சித்தப்பாவின் வழி, மூன்று நாள் அந்தக் கடை வழியாகப் போகும்போது பேசாமல் போவது. வேலை செய்கிறது என்கிறார்.

மருமகனிடம் நான் சொன்னது இதுதான்: மதுரையில் எடு, ஜாப் கார்டு உன் பெயரில் அங்கேயே ஆரம்பிக்கட்டும். ஃப்ரீ சர்வீஸில் முதலாவதை மட்டும் மதுரையில் விடு, மற்றதை உசிலம்பட்டியில் அதே கம்பெனி சப் டீலரிடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்துகொள். முத்திரை அவரும் குத்தலாம். வாரண்டிக் கோளாறு என்றால் நாற்பது கிலோமீட்டரைப் பார்க்காமல் மதுரைக்கே கொண்டு வா. கடை மாறிப் போனால் கோபப்படுவார்களோ என்றான். ஃப்ரீ சர்வீஸ் செய்கிற டீலருக்கு அந்தக் கூலியைக் கம்பெனி கொடுக்கிறது, யாரும் உனக்குத் தர்மம் செய்யவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு மெக்கானிக் கடைப் பக்கம் போயிருந்தேன். மருமகன் வண்டி எடுக்கிற சேதி அதற்குள் அவருக்குப் போயிருந்தது. "எந்த வண்டி?" என்றார், சொன்னேன். எழுந்துபோய் முறுக்கு டப்பாவைத் திறந்து, ஸ்கேனரின் பின்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது பேசும். அஞ்சு வருஷம் கழிச்சு வரச் சொல்லுங்க."